ஜெனீவாவிலிருந்து தூரினுக்கு

ஐரோப்பாவின் வரைபடத்தை மேசைமீது விரித்து வைத்தால், ஜெனீவாவுக்கும் தூரினுக்கும் இடையேயுள்ள தொலைவு இரண்டு விரற்கடைக்குள் அடங்கிவிடும். லேமான் ஏரி முடிந்து ரோன் ஆறு புறப்படும் முனையில் ஜெனீவா அமைந்திருக்கின்றது. இத்தாலியின் வடமேற்கில், போ ஆற்றங்கரையில் தூரின் விளங்குகின்றது. ஆனால் இவ்விரு நகரங்களுக்கும் நடுவே, 4,800 மீட்டருக்கும் மேல் உயர்ந்த மொன் பிளாங் சிகரத்தோடு ஆல்ப்ஸ் மலைத்தொடர் பெருமதிலென நிற்கின்றது. ஆகவே இங்கே பயணம் புறப்படுவோர்க்கு 'எவ்வளவு தூரம்?' என்பது இரண்டாவது கேள்விதான். 'எந்த வழி?' என்பதே முதற் கேள்வி.

இந்த இரு நகரங்களையும் இணைத்து நாங்கள் பயணம் திட்டமிட்டதற்குக் காரணம் உண்டு. புனித பிரான்சிஸ் சலேசியார் 1602-ஆம் ஆண்டில் ஜெனீவாவின் ஆயரானார். ஆயினும், கால்வினின் சீர்திருத்தச் சபைக்குக் கோட்டையாக இருந்த அந்நகரில் அவர் அமர இயலவில்லை. அன்னெசி என்னும் ஊரில் தங்கியே தம் மறைமாவட்டத்தைப் பேணினார். கடுமையால் அன்றிக் கனிவால் உள்ளங்களை வென்ற அந்த ஆயரையே, இருநூறு ஆண்டுகளுக்குப் பின், தூரின் நகரக் குருவான புனித தொன் போஸ்கோ தமக்கு முன்மாதிரியாகக் கொண்டார். 1859-இல் தாம் தொடங்கிய சபைக்கு அவர் பெயரையே சூட்டினார். அந்தச் சலேசிய சபையினர் 1906-ஆம் ஆண்டில் இந்திய மண்ணில் முதன்முதலாகப் பணி தொடங்கிய இடம் நம் தஞ்சை மாநகர்.

எங்கள் தந்தையார் சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். வட ஆர்க்காட்டில் சலேசியக் குருக்கள் நடத்திய இல்லம் ஒன்றில் உண்டு, உறங்கி, கல்வி கற்று ஆளானவர். "என்றைக்காவது தூரினுக்குப் போய், அந்தப் பெரியவரின் பீடத்துக்கு முன் நின்று, உண்ட சோற்றுக்கு நன்றி சொல்ல வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லிக்கொண்டே ஒருநாள் கண்ணை மூடினார். அந்தக் கடனை எங்கள் அன்னையார் தம் கடனாக ஏற்றுக்கொண்டார். அவருக்கு வயது 76. பல ஆண்டுகளாக மூச்சிரைப்பு அவரை விடாமல் தொடர்ந்து வருகின்றது.

ஜெனீவாவில் பணிபுரியும் எங்கள் இளவலின் இல்லத்தில், மூன்று மாலைகள் இந்தத் திட்டம் தீட்டப்பெற்றது. சாப்பாட்டு மேசையைச் சுற்றிலும் கணவனும் மனைவியுமாக நாங்கள் இருவர், வண்டி ஓட்ட இசைந்த இளவல், எங்கள் 11 வயது மகன், கையில் ஜெபமாலையோடு அன்னையார் ஆகிய ஐவரும் கூடினோம். மகன்தான் எழுத்தர். புதிய குறிப்பேடு ஒன்றை வாங்கி, முதற் பக்கத்தில் 'மலைவழித் திட்டம்' என்று தலைப்பிட்டிருந்தான்.

இளவல் கையில் கணக்கோடு வந்தார். மொன் பிளாங் மலையின் அடியில் குடையப்பெற்ற சுரங்கத்தின் வழியே சென்றால் ஏறத்தாழ 260 கிலோமீட்டர். காலையில் புறப்பட்டால் நண்பகல் உணவு தூரினில். 1965-இல் திறக்கப்பெற்ற அந்தச் சுரங்கத்தின் நீளம் 11.6 கிலோமீட்டர். பிரான்சின் சாமொனியில் நுழைந்து இத்தாலியின் கூர்மையூரில் வெளிவரலாம். அதைவிட்டால், இன்னும் தெற்கே, 1980-இல் திறக்கப்பெற்ற பிரேஜூஸ் சுரங்கம் உண்டு. அதன் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். இரண்டுமே ஆண்டு முழுவதும் பயன்படும் நோக்கத்தோடு கட்டப்பெற்றவை. எனினும் மொன் பிளாங் சுரங்கம் பழுதுபார்க்கும் பணிக்காக 2024, 2025-ஆம் ஆண்டுகளில் இலையுதிர் காலம் முழுதும் மூடப்பட்டது. ஆகையால் அந்தக் காலத்தில் செல்வோர் முன்கூட்டியே விசாரித்தறிதல் நலம்.

சுரங்கம் என்றதும் எங்களுக்கு 1999-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் நினைவுக்கு வந்தது. மாவும் மார்கரினும் ஏற்றிச் சென்ற சரக்கு வண்டி ஒன்று மொன் பிளாங் சுரங்கத்தின் நடுவே தீப்பற்றி, 39 பேர் உயிரிழந்தனர். மூன்று ஆண்டுகள் மூடிக்கிடந்து, 2002-இல்தான் அது மீண்டும் திறக்கப்பெற்றது. இப்போது உள்ளே செல்லும் வண்டிகள் ஒன்றுக்கொன்று 150 மீட்டர் இடைவெளி விட்டுச் செல்ல வேண்டும் என்பது கட்டளை. முன்னே செல்பவனை நெருக்காமல் செல்வது மரியாதை மட்டுமன்று, உயிர்க்காப்பும் ஆகும் என்பதை அந்தத் துயரம் கற்பித்தது.

வரைபடத்தில் மூன்றாவது வழி ஒன்று இருந்தது. லேமான் ஏரியின் வடகரையைச் சுற்றி, லொசான், மோந்த்ரே நகரங்களைக் கடந்து, ரோன் ஆற்றின் பள்ளத்தாக்கில் மார்ட்டினி வரை சென்று, அங்கிருந்து பெரிய சான் பெர்னார் கணவாயில் ஏறி, இத்தாலியின் ஆவோஸ்தாவில் இறங்குவது. மொத்தம் ஏறத்தாழ 320 கிலோமீட்டர். "சுற்று வழி" என்றார் இளவல். "நாய்கள் இருக்கும் வழி!" என்றான் மகன். அன்னையார் ஒன்றே கேட்டார்: "வழியில் தங்குவதற்கு இடம் உண்டா?"

அன்னையாரின் அந்தக் கேள்விக்கு உலகிலேயே தகுந்த விடை தரக்கூடிய மலைவழி அதுதான்.

அந்தக் கணவாயின் உயரம் 2,469 மீட்டர். நம் உதகமண்டலத்தைவிடவும் ஏறத்தாழ 230 மீட்டர் அதிகம். உரோமையர் அங்கே தங்கள் தேவனாகிய யூப்பித்தருக்குக் கோயில் எழுப்பியிருந்தனர். பிற்காலத்தில் பனியும் பாறைச்சரிவும் கொள்ளையரும் சேர்ந்து வழிப்போக்கரை வதைத்தனர். ஆவோஸ்தா மறைமாவட்டத்தின் தலைமைத் திருத்தொண்டராக இருந்த புனித பெர்னார், மலையிலிருந்து தப்பி வந்த பயணிகளின் அவலத்தைக் கண்ணெதிரே கண்டவர். ஏறத்தாழ 1050-ஆம் ஆண்டில், கணவாயின் உச்சியிலேயே அவர் ஒரு விடுதியைக் கட்டினார். அடிவாரத்தில் கட்டியிருந்தால் பொருளும் உழைப்பும் மிச்சம். ஆனால் மனிதன் விழும் இடம் எதுவோ, அங்கேதான் தூக்கிவிடும் கை இருக்க வேண்டும் என்று அவர் எண்ணினார் போலும்.

அன்று தொட்டு இன்று வரை, புனித அகுஸ்தினாரின் ஒழுங்கைப் பின்பற்றும் துறவியர் அங்கே வாழ்ந்து வருகின்றனர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக அந்த விடுதியின் கதவு பூட்டப்படுவதில்லை என்பது அதன் மரபு. 'இங்கே கிறிஸ்து ஆராதிக்கப்படுகின்றார், இங்கே கிறிஸ்துவுக்கு உணவு அளிக்கப்படுகின்றது' என்பது அதன் விருதுவாக்கு. நற்கருணையில் இருப்பவரும், பனியில் நனைந்து கதவருகே வந்து நிற்பவரும் ஒருவரே என்பது அதன் பொருள். அங்கே வளர்க்கப்பெற்ற நாய்களுள் 'பாரி' என்பது பனியில் சிக்கிய நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றியதாகப் பெயர் பெற்றது. 1814-இல் இறந்த அதன் உடலை இன்றும் பெர்ன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் காணலாம். தானும் மலையேறி வீரராக இருந்த திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர், 1923-ஆம் ஆண்டில் புனித பெர்னாரை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். அதே ஆண்டில், அதே திருத்தந்தை, புனித பிரான்சிஸ் சலேசியாரை எழுத்தாளரின் பாதுகாவலராக அறிவித்தார் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

இத்தனையும் கேட்ட பின் இளவலும் மனம் மாறினார். ஆனால் புதிய தடை ஒன்று எழுந்தது. 2,469 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். நலமுள்ளவர்க்கு அது பெரிதன்று. மூச்சிரைப்பு உள்ளவர்க்கு அது பெரிதாகலாம். மருத்துவர் ஒருவரிடம் அன்னையாரை அழைத்துச் சென்றோம். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு, "ஏறக்கூடாது என்று சொல்லமாட்டேன், ஒரே நாளில், ஒரே மூச்சில் ஏறவேண்டாம். மேலே இரவு தங்கவேண்டாம். மூச்சு வாங்கினால் உடனே தாழ்வான இடத்துக்கு இறங்கிவிடுங்கள்" என்றார். வாசலுக்கு வந்த பின் திரும்பி அழைத்து, "அவர் தாமாகச் சொல்லுவார் என்று காத்திருக்காதீர்கள். இத்தகைய தாய்மார் சொல்லமாட்டார்கள்" என்றும் எச்சரித்தார்.

அன்றிரவு எங்கள் திட்டம் முழுவதும் மாறியது. அதுவரை நாங்கள் வண்டியின் வேகத்தை அளவாகக் கொண்டிருந்தோம். இனி அன்னையாரின் மூச்சை அளவாகக் கொள்வதென்று முடிவு செய்தோம். ஒரு நாள் பயணம் நான்கு நாள் பயணமாயிற்று. முதல் நாள் ஜெனீவாவிலிருந்து மார்ட்டினி வரை. இரண்டாம் நாள் மலையைக் கடந்து ஆவோஸ்தா. மூன்றாம் நாள் முழு ஓய்வு. நான்காம் நாள் தூரின். ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டுவதில்லை.

இதில் நாங்கள் வெட்கப்பட ஏதுமில்லை என்பதைப் பழைய ஏடு ஒன்று எங்களுக்கு உணர்த்தியது. 990-ஆம் ஆண்டில் கான்டர்பரி நகரின் பேராயர் சிஜெரிக், திருத்தந்தையிடமிருந்து பாலியம் பெற்று உரோமையிலிருந்து திரும்பும்போது, வழியில் தாம் தங்கிய ஊர்களை வரிசையாகக் குறித்து வைத்தார். ஏறத்தாழ எண்பது ஊர்கள். இன்று பிரான்சிஜெனா வழி என்று வழங்கும் திருயாத்திரைப் பாதை அந்தப் பட்டியலைக் கொண்டே மீட்டெடுக்கப்பெற்றது. அதில் இவ்ரேயா, ஆவோஸ்தா, ஒர்சியேர், சான் மொரீஸ், லொசான் எனும் பெயர்கள் வருகின்றன. நாங்கள் செல்லவிருந்த வழியும் அதுவே; அவர் தெற்கிலிருந்து வடக்கே ஏறினார், நாங்கள் வடக்கிலிருந்து தெற்கே இறங்க இருந்தோம். ஒரு பேராயர் பல நாள் எடுத்துக்கொண்ட மலைவழியை நாங்கள் நான்கு மணி நேரத்தில் தாண்டாவிட்டால் என்ன குறை?

பிறகு சில்லறைக் காரியங்களை ஒவ்வொன்றாக மகன் எழுதிக்கொண்டான். இவ்வழி செல்ல நினைக்கும் வாசகர்க்கும் பயன்படும் என்பதால் அவற்றை இங்கே தருகின்றோம். சுவிட்சர்லாந்தின் நெடுஞ்சாலைகளில் செல்ல ஆண்டு வரி வில்லை வேண்டும்; அதன் விலை 40 பிராங்க். கணவாய்ச் சாலைக்குக் கட்டணம் இல்லை. அதன் அடியிலுள்ள சுரங்கத்துக்கும் இத்தாலிய நெடுஞ்சாலைக்கும் தனித்தனியே சுங்கம் செலுத்த வேண்டும். ஒரு புறம் பிராங்க், மறு புறம் யூரோ. சுவிட்சர்லாந்தில் பகலிலும் வண்டியின் முன்விளக்கு எரிய வேண்டும். 12 வயதுக்கு உட்பட்ட சிறுவர்க்கு, 150 செ.மீ. உயரம் எட்டாதவரை, தனி இருக்கை கட்டாயம். மலையிறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிச் செயலிழக்கும். தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும். மருந்துகள் பெட்டியில் அன்று, மடியில் இருக்க வேண்டும். இடர் நேர்ந்தால் இரு நாடுகளிலும் 112 என்ற எண் உதவும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மாதம். பெரிய சான் பெர்னார் கணவாய் பொதுவாகச் சூன் திங்களில் திறந்து, அக்டோபரில் மூடும். மற்ற மாதங்களில் பனிச்சறுக்குக் கட்டைகளோ பனிக்காலணிகளோ அணிந்து நடப்பவர் மட்டுமே விடுதியை அடைய முடியும். வண்டிகளோ 1964-இல் திறக்கப்பெற்ற 5.8 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தின் வழியே செல்லும். ஆகவே நாங்கள் சூன் இறுதியைத் தேர்ந்தோம். சுரங்கத்தின் வாயில் 1,900 மீட்டருக்கு மேல் உள்ளது. அதன் அருகேதான் கணவாய்ச் சாலை பிரிந்து மேலே ஏறுகின்றது. அந்தப் பிரிவு வரை எப்படியும் செல்லலாம். உச்சிக்கா, சுரங்கத்துக்கா என்பதை அங்கே முடிவு செய்யலாம்.

எதைக் கொண்டு முடிவு செய்வது? அன்னையாரைக் கேட்டால், "எனக்கு ஒன்றுமில்லை" என்பார். இல்லாளுக்குத்தான் அந்த வழி தோன்றிற்று. வண்டி ஏறியதும் அன்னையார் 53 மணி ஜெபமாலை தொடங்குவது வழக்கம். அருள் நிறைந்த மந்திரத்தின் முற்பகுதியை அவர் சொல்ல, பிற்பகுதியை நாங்கள் சொல்லுவோம். அந்த முற்பகுதியை அவர் ஒரே மூச்சில் சொல்லுமட்டும் ஏறலாம். இடையில் நிறுத்தி மூச்சு வாங்கத் தொடங்கினால் சுரங்கத்துக்குத் திரும்பிவிட வேண்டும். அன்னையாருக்குத் தெரியாமல், குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் மகன் எழுதினான்: 'பாட்டியின் ஜெபமாலை உடைந்தால் சுரங்கம்.'

சூன் இறுதியில் ஒரு புதன்கிழமை காலை, சிலுவை அடையாளம் வரைந்து புறப்பட்டோம். ஏரிக்கரையில் திராட்சைத் தோட்டங்கள் படிப்படியாக நீர்வரை இறங்கியிருந்தன. ஏரிக்கு அப்பால் பள்ளத்தாக்கு ஒடுங்கும் இடத்தில் சான் மொரீஸ் ஆசிரமம் நிற்கின்றது. எகிப்திலிருந்து வந்த தீபைப் படையின் தலைவர் புனித மௌரீசும் அவருடைய தோழர்களும் மறைசாட்சிகளாக இரத்தம் சிந்திய இடம் அது என்பது மரபு. 515-இல் பர்குந்திய அரசர் சிகிஸ்முந்து நிறுவிய அந்த ஆசிரமத்தில் இன்றும் துறவியரின் ஜெபம் ஓயவில்லை. அங்கே ஒரு மணி நேரம் அமர்ந்து இளைப்பாறிவிட்டு, மாலையில் மார்ட்டினி சேர்ந்தோம்.

மறுநாள் காலை, மார்ட்டினியைத் தாண்டியதும் சாலையோரப் பலகை, கணவாய் திறந்திருக்கின்றது என்று காட்டியது. மகன் கைகொட்டினான். மார்ட்டினி கடல்மட்டத்திலிருந்து 471 மீட்டரில் இருக்கின்றது. 45 கிலோமீட்டருக்குள் சாலை 2,000 மீட்டர் உயரம் ஏறுகின்றது. ஒர்சியேரில் வண்டியை நிறுத்தி இளைப்பாறினோம். அந்த ஊரைச் சார்ந்த சிற்றூரில் பிறந்தவர்தான் அருளாளர் மௌரீஸ் தோர்னே. சான் பெர்னார் துறவியாகித் திபெத்தின் எல்லைக்குச் சென்ற அவர், 1949-இல் அங்கே கொல்லப்பட்டு, 1993-இல் அருளாளராக உயர்த்தப்பெற்றார். கணவாயில் காத்து நிற்கும் அன்பை இமயத்துக்கு அப்பாலுள்ள மலைகளுக்கும் கொண்டு சென்றவர் அவர்.

ஒர்சியேரிலிருந்து அன்னையார் ஜெபமாலை தொடங்கினார். முதல் பத்து மணிகள் தெளிவாக வந்தன. இரண்டாம் பத்தில் பூர்-சான்-பியேர் ஊர் வந்தது. 1800-ஆம் ஆண்டு மே திங்களில் நெப்போலியன் தம் படையோடு இவ்வழியே சென்றார். ஓவியத்தில் அவர் துள்ளும் வெண்குதிரைமீது வீற்றிருப்பார். உண்மையில் மலையைக் கடந்தது இவ்வூர்ப்புறத்து வழிகாட்டி ஒருவன் நடத்திச் சென்ற கோவேறு கழுதைமீது. இதை மகனுக்குச் சொல்லத் திரும்பியபோது, அவன் எங்களைக் கவனிக்கவில்லை. பாட்டியின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் பத்தில் சாலை, பனிச்சரிவைத் தடுக்கக் கட்டிய கூரையின்கீழ் ஓடியது. அன்னையாரின் குரல் மெலிந்தது. மந்திரத்தை இரண்டாகப் பிரித்துச் சொன்னார், பிறகு மூன்றாக. எங்களுக்கு அது கேட்டது. கேட்டும், இன்னும் ஆறு கிலோமீட்டர்தானே என்று எங்கள் நெஞ்சு தயங்கியது. சுரங்கப் பிரிவுக்கு முன் இளவல் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். யாரும் பேசவில்லை. மகன்தான் பேசினான்:

"சித்தப்பா, பாட்டி மூன்று முறை மூச்சு வாங்குகிறார். சுரங்கத்துக்கே போவோம்."

"எனக்கு ஒன்றுமில்லையப்பா. பிள்ளை ஆசைப்பட்டான். நாய்களைப் பார்க்கட்டும்" என்றார் அன்னையார். அந்த மூன்று வாக்கியங்களைச் சொல்லவும் அவருக்கு மூச்சுப் போதவில்லை. இளவல் வண்டியைச் சுரங்கத்தின் பக்கம் திருப்பினார்.

மலைக்கு அப்பால் இத்தாலியின் வெயில் எங்களை எதிர்கொண்டது. 1,270 மீட்டர் உயரத்திலுள்ள எத்ரூபிள் ஊர் வரை நிற்காமல் இறங்கி, ஒரு மர நிழலில் அன்னையாரை அமர்த்தினோம். மருந்தை உள்ளிழுத்து, வெந்நீர் பருகி, அரை மணி நேரத்தில் அவர் தேறினார். தேறியதும் அவர் கேட்ட முதற் கேள்வி, "ஜெபமாலையில் எங்கே விட்டோம்?" என்பதே. "மூன்றாம் பத்தில், ஆறாவது மணியில்" என்றான் மகன். அவன் முகத்தைப் பார்த்த பின்தான், அவன் எதை விட்டுக்கொடுத்தான் என்பது எங்களுக்கு உறைத்தது. திட்டம் தீட்டியவர்கள் நாங்கள். தீட்டியதைக் காத்தவன் அவன்.

ஆவோஸ்தா 583 மீட்டர் உயரத்தில் உள்ளது. கான்டர்பரியின் பேராயராகி மறைவல்லுநராகப் போற்றப்பெறும் புனித அன்செல்ம் ஏறத்தாழ 1033-இல் பிறந்த ஊர் அது. மூன்றாம் நாளை ஓய்வுக்கென ஒதுக்கியிருந்தோம் அல்லவா? அன்று காலை அன்னையார் தாமே கட்டளையிட்டார்: "நான் இங்கேயே இருக்கிறேன். பிள்ளையை அழைத்துக்கொண்டு மேலே போய் வாருங்கள். எனக்காகவும் ஒரு ஜெபம் சொல்லட்டும்." இல்லாள் அன்னையோடு தங்க, எஞ்சிய மூவரும் இத்தாலியப் பக்கமாக 34 கிலோமீட்டர் ஏறிக் கணவாயை அடைந்தோம்.

ஏரி ஒன்று, அதன் கரையில் கரைந்தும் கரையாமலும் பனித்திட்டுகள், சாலையின் இருபுறமும் பெரிய சாம்பல் நிறக் கட்டடங்கள். கோடையாதலின் நாய்கள் அங்கே இருந்தன. மகன் அவற்றைக் கண்குளிரக் கண்டான். ஆனால் அவன் நெடுநேரம் நின்றது விடுதியின் வாசலில். கதவை ஒரு கையால் தள்ளினான், அது திறந்தது. "இரவிலும் பூட்டமாட்டார்களா?" என்று கேட்டான். பூட்டுவதில்லை என்றோம். "யார் வந்தாலுமா?" யார் வந்தாலும் என்றோம். பிறகு கோயிலுக்குள் சென்று முழந்தாளிட்டு, தன் சட்டைப் பையிலிருந்து பாட்டியின் ஜெபமாலையை எடுத்தான். மூன்றாம் பத்தின் ஏழாவது மணியிலிருந்து தொடங்கி, மீதியிருந்த மணிகளை எல்லாம் சொல்லி முடித்தான். ஒவ்வொரு மந்திரத்தின் முற்பகுதியையும் ஒரே மூச்சில் சொன்னான். பிற்பகுதியை நாங்கள் சொன்னோம்.

நான்காம் நாள் தூரினை அடைந்தோம். அந்நகரின் பேராலயத்தில் பேணப்படும் திருத்துகிலுக்கும் ஆல்ப்ஸ் மலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. மிலான் நகரைக் கொள்ளைநோய் வாட்டியபோது, அதன் பேராயர் புனித சார்லஸ் பொரோமெயோ, திருத்துகிலை நடந்தே சென்று வணங்குவதாக நேர்ந்துகொண்டார். அது அப்போது மலைக்கு அப்பால், ஷாம்பெரியில் இருந்தது. அவர் ஆல்ப்ஸைக் கடக்கும் துன்பத்தைத் தவிர்க்க என்று கூறி, சவோய் கோமகன் இம்மானுவேல் பிலிபெர்த்து 1578-இல் திருத்துகிலைத் தூரினுக்கு வருவித்தார். தலைநகருக்குப் பெருமை சேர்க்கும் நோக்கமும் அவருக்கு இருந்திருக்கலாம். எப்படியாயினும், நடந்து வருபவரின் களைப்பை எண்ணி ஒரு திட்டம் மாற்றப்பெற்றது என்பது எங்கள் உள்ளத்துக்கு இதமாக இருந்தது.

மாலையில் வல்தோக்கோ சென்றோம். 1868-இல் அபிஷேகம் செய்யப்பெற்ற சகாய அன்னை பேராலயத்தில், புனித தொன் போஸ்கோவின் உடல் வைக்கப்பெற்றுள்ள பீடத்தின் முன் அன்னையார் நெடுநேரம் அமர்ந்திருந்தார். என்ன சொல்லி மன்றாடினார் என்பதை நாங்கள் கேட்கவில்லை. வெளியே வந்த பின், 1847-இல் மழையில் நனைந்து கதவைத் தட்டிய அநாதைச் சிறுவன் ஒருவனைப் பற்றி அவருக்குச் சொன்னோம். தொன் போஸ்கோவின் தாயார் மார்கரீத்தா அம்மையார் அவனை உள்ளே அழைத்து, அடுப்பருகே ஈரம் உலர்த்தி, உணவு கொடுத்து, சமையலறையிலேயே செங்கல்லும் பலகையும் கொண்டு படுக்கை அமைத்துத் தந்தார். அந்த இல்லத்தில் தங்கவைக்கப்பெற்ற பிள்ளைகளுள் அவனே முதல்வன்.

அன்னையார் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அந்த அம்மாள் அன்றைக்குக் கதவைத் திறந்திராவிட்டால், உங்கள் அப்பாவுக்குச் சோறு ஏது?" என்றார்.

ஊர் திரும்பியதும் மகனின் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தோம். தூரமும் நேரமும் கட்டணமும் எழுதிய பக்கங்களில் பாதி, பயணத்தில் மாறிப்போயிருந்தன. கடைசிப் பக்கத்து வரி மட்டும் எழுதியவாறே நிறைவேறியிருந்தது. நீண்ட வழி செல்லத் திட்டமிடும் குடும்பங்களுக்கு நாங்கள் சொல்லத்தக்கதும் அதுவே: உங்களுள் மெல்ல நடப்பவர் யார் என்று முதலில் பாருங்கள். அவருடைய நடையைக் கொண்டு நாளையும் வழியையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் தாமாகச் சொல்லமாட்டார்; ஆகவே அவர் மூச்சைக் கேட்டறியும் காது ஒன்றையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.